எங்கள் நெட்டையனுக்கு ஃப்ரீ த்ரோ சொல்லித்தர ஆள் உண்டா?

பாளையங்கோட்டைப் பக்கம் கூடைப்பந்து விளையாடுகிற அண்ணாச்சிமார் யாராவது வழி சொல்லுங்கள். எங்கள் அணியின் சென்டர், அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிறவன், ஆறடி நாலு அங்குலம். எதிரணியை ஃபவுல் செய்ய வைப்பதில் கெட்டிக்காரன். ஆனால் அந்த ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோவை எறிய கோட்டில் போய் நின்றான் என்றால் நாங்கள் கண்ணை மூடிக்கொள்வோம். போன ஞாயிறு அவன் போட்ட பந்து வளையத்திலும் படவில்லை, பலகையிலும் படவில்லை. பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் மடியில் போய் விழுந்தது. கேட்டால், "காத்துல திரும்பிட்டுண்ணே" என்கிறான். ஆனி, ஆடி என்றாலாவது நம்பலாம். சித்திரையில் ஏதுடே காற்று!

பலகைக்கு 4.6 மீட்டர் தூரம், மறிக்க ஒரு ஆள் கிடையாது. அமெரிக்காவின் என்பிஏ லீக் நட்சத்திரம் ஷாகில் ஓ'நீலே ஃப்ரீ த்ரோவில் 52.7 சதவீதம்தான் போட்டாராம், எதிர்க்கேள்வி வேறு. சரி ராசா, அவர் மற்றதெல்லாம் செய்தாரே! அந்தக் கால என்பிஏ ஆட்டக்காரர் ரிக் பேரி மாதிரி இரண்டு கையாலும் கீழேயிருந்து தூக்கிப் போடு என்றால் வெட்கம். அப்படிப் போட்டே என்பிஏவில் சராசரியாக 90 சதவீதம் எடுத்தவர் அவர்.

அடுத்த மாதம் போட்டி இருக்கிறது. சாயங்காலம் வந்து சொல்லித்தர யாராவது இருக்கிறீர்களா? முதலில் முழங்கையைத் திருத்தவா, முழங்காலை மடக்கச் சொல்லவா? வீடியோ இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். சிரிக்காமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.