கூலன்ட் டெம்பரேச்சர் கேஜ்: ‘தணிநீர்ச் சூட்டுமானி’ எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

காரில் கூலன்டின், அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்க அதற்குள் ஓடும் திரவத்தின், சூட்டைக் காட்டும் கருவிக்குத் தமிழ்ப்பெயர் தேடிவருகிறோம். அதற்கு ‘எஞ்சின் வெப்பமானி’ என்ற பரிந்துரைக்கு ஆதரவு கூடிவருகிறது. கேட்டதும் புரிகிற சொல்தான், ஆனால் பொருள் பிழைபடுகிறது. அந்தக் கருவி எஞ்சினின் சூட்டை அளப்பதில்லை. எஞ்சினுக்குள் சுற்றி ஓடும் கூலன்டின் சூட்டைத்தான் அளக்கிறது. இதைச் சின்ன நுணுக்கம் என்று விட்டுவிட முடியாதுங்க. ஹோஸ் வெடித்துக் கூலன்ட் மொத்தமும் கொட்டிவிட்டால் சூட்டை அறியும் உணரி (சென்சார்) காற்றிலும் ஆவியிலும் தொங்கும். உள்ளே எஞ்சின் காய்ந்துகொண்டிருக்க, முள் இறங்கிக்கூட நிற்கும். ‘எஞ்சின் வெப்பமானி’ என்று படித்தவர் அந்த முள்ளை நம்பி ஓட்டிக்கொண்டே போவார், எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். எதை அளக்கிறதோ அது பெயரிலேயே இருக்க வேண்டும்.

‘குளிர்நீர்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வு திறப்பதே பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள்தான். அந்தச் சூட்டில் ஓடுவதைக் குளிர்நீர் என்றால் யார் ஒப்புவார்கள்? ‘தணிநீர்’ சரியாக வரும். தணி என்ற வினை தான் தணிவதையும் பிறிதைத் தணிப்பதையும் குறிக்கும். இந்த நீர் எஞ்சினில் சூட்டைத் தணிக்கிறது, ரேடியேட்டரில் தானே தணிகிறது. அதில் பாதி எத்திலீன் கிளைக்கால் ஆயிற்றே, நீர் எனலாமா என்று கேட்பீர்கள். இளநீரையும் பன்னீரையும் நீர் என்றுதானே சொல்கிறோம்.

வெப்பநிலை என்னாமல் சூடு என்றதற்குக் காரணம் கோவைப் பட்டறைகள். ‘வண்டி சூடாயிருச்சுங்க, முள்ளு ஏறுது’ என்பதுதான் அங்கே பேச்சு. ‘சூடு எவ்வளவு இருக்குது?’ என்று கேட்டால் டிகிரியில் பதில் வரும். அளவைக் குறிக்க அந்தச் சொல்லே போதும். எண்ணெய்க்கு ‘எண்ணெய்ச் சூட்டுமானி’ என்று இதே அச்சில் வார்த்துக்கொள்ளலாம்.

இத்தகைய மானியைப் பலர் வண்டி வாங்கிய பிறகு வெளியில் வாங்கிப் பொருத்துகிறார்கள். அதைக் குறிக்கும் ‘ஆஃப்டர்மார்க்கெட்’டைச் ‘சந்தைக்குப் பிந்தைய’ என்று பெயர்ப்பது வேண்டவே வேண்டாம். கம்பெனி ஃபிட்டிங், எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் என்று நம் ஊரில் தெளிவாகவே பிரித்துச் சொல்கிறார்கள். பின்னதைப் ‘புறப்பொருத்து’ எனலாம்.

இந்த மானியை ஏன் தனியாக வாங்கிப் பொருத்துகிறார்கள் என்பதும் சொல்லின் விளக்கத்தில் வர வேண்டும். பல சிறிய கார்களில் எஞ்சின் குளிர்ந்திருப்பதற்கு நீல விளக்கும் மிகச் சூடானதற்குச் சிவப்பு விளக்கும் மட்டுமே உண்டு. சிவப்பு எரியும்போது சூடு எல்லை தாண்டியிருக்கும். முள் இருக்கும் வண்டிகளிலும் பலவற்றில் அது நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். சத்தியமங்கலம் மலைப்பாதையில் பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊரும்போது சூடு ஏறுகிறதா நிற்கிறதா என்று எண்ணாகத் தெரிவது பெரிய தைரியம்.

அடுத்து, சூட்டை உணர்ந்து மானிக்கு அனுப்பும் ‘சென்டர்’ (sender). தமிழில் எழுதினால் நடுவா, மையமா, அனுப்புவதா என்றே தெரியாது. ‘உணரி’ போதும் என்றார்கள், எனக்கு அது போதவில்லை. எஞ்சினின் கணினிக்கு ஏற்கெனவே ஓர் உணரி உண்டு. அதன் வயரிலேயே புது மானியையும் இணைத்தால் கணினிக்குப் போகும் அளவு கெட்டு, பெட்ரோல் அளவும் ஃபேன் ஓட்டமும் மாறிப்போகும். மானிக்கென்று தனியாக, அதற்குப் பொருந்தும் மின்தடையோடு வருவதைத்தான் பூட்ட வேண்டும். ஆகவே ‘மானியுணரி’.

ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி இடையில் அலுமினிய இணைப்பைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் இறுக்கி, அதன் மரையில் இந்த மானியுணரியைப் பூட்டுவது வழக்கம். ஒற்றை வயர் உணரி என்றால் அந்த இணைப்பிலிருந்து பாடிக்கு எர்த் வயர் கட்டாயம். இரு பக்கமும் ரப்பர் இருப்பதால் மின்சாரம் திரும்ப வழியில்லை, முள் அசையவே அசையாது. மரையில் டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றினாலும் இதே கோளாறு வரும். எர்த்துக்கு ‘நிலத்தொடுப்பு’ என்று எழுதாதீர்கள், காரில் அது நிலத்தைத் தொடுவதில்லை. எர்த் என்றே இருக்கட்டும்.

நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் இந்த மானிக்கோ உணரிக்கோ வேறு பெயர் வழங்கினால் எழுதுங்க. நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால் என் பரிந்துரையை எடுத்துவிட்டு அதையே பதிவு செய்வோம்.