கேன்சர் ஆராய்ச்சில பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், பிஎச்டி போகலாமா?

கடலூர்_பையன்:
எம்எஸ்சி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கடைசி செமஸ்டர். ஐடி கம்பெனில ஆஃபர் இருக்கு, ஆனா எங்க பெரியம்மா கர்ப்பப்பை வாய் புற்றுநோய்ல போனதுலேருந்து கேன்சர் ஆராய்ச்சில பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவத் தகவல்கள அலசுற புள்ளியியல் பக்கம் போகணும்னு மனசுல ஓடிட்டே இருக்கு. வீட்ல "டாக்டருங்களுக்கு கணக்குப்பிள்ளையா போகப்போறியா"ங்கிறாங்க. இந்த லைன்ல இருக்கிறவங்க உண்மையில என்ன வேலை பாக்குறீங்க?

வைகைக்கரை:
தம்பி, பெரியம்மா விஷயம் கேட்டு கஷ்டமா இருக்கு. திண்டுக்கல் மாவட்டத்துல அதே நோய்க்கு நடந்த ட்ரையல் 2007ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு, தேடிப் படிங்க. அசிட்டிக் ஆசிட் தடவி நர்ஸுங்களே கண்ணால பாத்து சொல்ற டெஸ்ட். ஆளாளுக்கு சீட்டு குலுக்கல, 114 க்ளஸ்டரா, அதாவது ஊர்வாரியான குழுக்களா பிரிச்சு 57க்கு டெஸ்ட், மீதி 57க்கு வழக்கமான கவனிப்பு. ஒரே ஊர்க்காரங்க பழக்கவழக்கம், போற ஆஸ்பத்திரி எல்லாம் ஒண்ணுபோல இருக்கும், அதனால ஆயிரம் பேர் இருந்தாலும் ஆயிரம் தனித்தனி தகவல்னு எண்ண முடியாது, அப்ப எத்தனை க்ளஸ்டர் வேணும்னு ட்ரையல் தொடங்குறதுக்கு முன்னாடியே சொல்றது நம்ம ஆளுங்க வேலை. டெஸ்ட் பண்ண பக்கம் அந்த நோயால சாவு 35 சதவீதம் குறைஞ்சுது. இதையா கணக்குப்பிள்ளை வேலைங்கிறது?

ராத்திரி_ஷிஃப்ட்:
அக்கா சொன்னது சரி, நான் கஷ்டத்தையும் சொல்லிடறேன். என் முதல் ப்ராஜெக்ட்ல கப்ளான் மேயர் கோடு, அதாவது நாள் போகப்போக எத்தனை பேர் உயிரோட இருக்காங்கன்னு காட்டுற கோடு, ரொம்ப நல்லா வந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உறுத்தல், ஏன்னா செக்கப்புக்கு வராம நின்னவங்க நிறைய. அந்த மெத்தட் 1958லேருந்து இருக்கு, ஆனா பாதில விட்டுப் போனவங்க கதியும் தொடர்ந்து வர்றவங்க மாதிரிதான்னு அது எடுத்துக்கும். உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கா போன் போட்டோம். ஒரு அம்மா, "அவர் போன தீபாவளிக்கே போயிட்டாருப்பா, இப்பதான் கேக்குறீங்களா"ன்னாங்க. அந்த எக்செல் வரிசைல தேதி போட்டுட்டு கொஞ்ச நேரம் எதுவும் பண்ண முடியல. திருத்துனதும் கோடு நல்லா கீழ இறங்கிடுச்சு, பெரிய டாக்டர்கிட்ட அதக் கொண்டுபோய் காட்ட தைரியம் வேணும். பேப்பர்ல நம்ம பேரு நடுவுலதான் வரும், சம்பளமும் ஐடி அளவு ஆரம்பத்துல வராது. நான் இன்னும் இங்கதான் இருக்கேன்.

கடலூர்_பையன்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த பேப்பர இன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு தமிழ்ல படிச்சு சொல்லப்போறேன். வேலூர் சிஎம்சி டிபார்ட்மென்ட் பத்தி தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.