கட்டைவிரல் தாளம் தவறுது, வழி சொல்லுங்க

வணக்கம். கிட்டார்ல ட்ராவிஸ் பிக்கிங் (கட்டைவிரல் தடிச்ச பாஸ் கம்பிகளை மாறி மாறி சீரா மீட்ட, மத்த விரல்கள் மெல்லிசு கம்பிகள்ல மெட்டு வாசிக்கிற முறை) பழகுறேன், அதுல ஒரு சிக்கல். சி கார்டுல (chord, சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்) கட்டைவிரல் மட்டும் 5, 4, 5, 4ஆம் கம்பின்னு மெட்ரோநோம் (தாளக் கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டுல சுத்தமா வருது. ஆள்காட்டி விரல் 2ஆம் கம்பியை ரெண்டு தட்டுக்கு நடுவுல மீட்டினதும், கட்டைவிரலும் கூடவே இழுத்துக்கிட்டுப் போகுது. ரெண்டும் சேர்ந்து விழுற இடத்துல பிரச்சினையே இல்லை. 40க்கு இறக்கினா சரியாகுது, 50 தாண்டினா பழைய கதை.

ஜி கார்டுல இன்னும் மோசம். பாஸ் 6ஆம் கம்பிக்குத் தாவணும், விரல் பழக்கதோஷத்துல 5லயே நிக்குது. அங்கயும் கார்டுக்குள்ள இருக்கிற பி சுரம்தான், அதனால தப்பு காதுல சட்டுன்னு படாது, அதான் வம்பு.

உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ்ல (கிட்டார் உடம்புல கம்பிகளைத் தாங்குற கட்டை) வெச்சு பாஸை லேசா அமுக்கினா கட்டைவிரல் தனியாப் பிரியுமா? சுண்டுவிரலைப் பலகையில ஊன்றலாமா? "நிறைய பயிற்சி பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்த வேகம், எத்தனை சுற்றுன்னு சொல்லுங்க.