பின்கொசுவம் கூலிவேலைக் கட்டாம்! குடகுக்கு யார் பதில் சொல்வது?

கண்டாங்கிப்பேத்தி:
நேற்று ‘ஆறுகஜம்’ என்ற அன்பர் இந்தக் குழுவின் சேலை இழையில் போகிற போக்கில் ஒன்று எழுதிவிட்டுப் போனார்: “பின்கொசுவம் வயலில் குனிந்து நிமிர வசதிக்காக வந்த கூலிவேலைக் கட்டு. முன்கொசுவம்தான் நம் ஆதி மரபு.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என் அப்பத்தா கடைசிவரை சேலை மடிப்பைப் பின்னால் வைக்கும் பின்கொசுவம்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் எல்லாவற்றுக்கும் அதே கட்டு. அவர் ஒருநாளும் நாற்று நட்டதில்லை. குடகில் மணப்பெண்ணே பட்டுச்சேலையில் கொசுவத்தைப் பின்னால் வைத்துத்தான் கட்டுகிறாள். அவள் என்ன களை பறிக்கவா போகிறாள்?

ஆறுகஜம்:
அம்மணி, உணர்ச்சிவசப்பட வேண்டாம். ரவிவர்மா ஓவியங்களைப் பாருங்கள். லட்சுமி, சரஸ்வதி எல்லாருக்கும் கொசுவம் முன்னால்தான். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கண்டாங்கிப்பேத்தி:
ரவிவர்மா அச்சகம் தொடங்கியது 1894இல். அந்த காலண்டர் லட்சுமியைப் பார்த்துத்தான் உங்கள் ‘ஆதி’ ஆரம்பிக்கிறதா? கவி ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்யேந்திரநாத்தின் மனைவி ஞானதாநந்தினி தேவி 1860களில் பம்பாய் போய், பார்சிப் பெண்களைப் பார்த்துப் பாவாடை, ஜாக்கெட்டோடு புதுக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். இன்று அலுவலகத்துக்கு எல்லாரும் கட்டிப்போகும் கட்டு அந்த வழியில் வந்தது. சரி, அது கிடக்கட்டும். குடகுக்குப் பதில்?

ஆறுகஜம்:
வங்காளத்து மருமகள் வந்துதான் தமிழச்சிக்கும் தெலுங்கச்சிக்கும் முன்னால் கொசுவம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாரா? நல்ல கதை. கொசுவத்தை முன்னால் வைக்கும் தெலுங்கு நாட்டு நிவிக் கட்டு அவருக்கு முன்பே உண்டு.

மடிசார்மாமி:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒன்பது கஜம் மடிசாரில் கொசுவம் முன்னாலும் உண்டு, கால்களுக்கிடையே இழுத்துப் பின்னால் செருகும் கச்சமும் உண்டு. இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

வடம்போக்கி:
மாமி, ஐயர் ஆத்துக் கட்டா, ஐயங்கார் ஆத்துக் கட்டா? தலைப்பு வலது தோளா, இடது தோளா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மடிசார்மாமி:
ஐயருக்கு வலது, ஐயங்காருக்கு இடது. குழந்தைக்கும் தெரியும். போன மாதம் வேட்டிக்கரை இழையில் வாங்கிக் கட்டிக்கொண்டது போதவில்லையா உங்களுக்கு?

வடம்போக்கி:
வேட்டிக்கரையில் நான் சொன்னதுதான் சரி. எட்டு முழம் என்றால் நாலு கஜம். அதையே மறுத்தவர் நீங்கள்.

கண்டாங்கிப்பேத்தி:
வேட்டியை வேறு இழையில் துவையுங்கள். பின்கொசுவம் கட்டத் தெரியாதவர்கள்தான் அதை வேலைக்கட்டு என்கிறார்கள். உள்முனையில் முதலிலேயே கொசுவம் எடுத்து, இடுப்புக்குப் பின்னால் வைத்து, மீதிச் சேலையை அதன்மேல் இறுக்கிச் சுற்ற வேண்டும். சுற்றே கச்சை மாதிரி பிடித்துக்கொள்ளும். கொசுவத்தின் தலை வெளியே மடிந்து விசிறி மாதிரி நிற்கும். பாவாடை நாடா வேண்டாம், ஊக்கும் வேண்டாம். கண்டாங்கிச் சேலையின் பெரிய கட்டமும் அகலக் கரையும் கணுக்காலுக்கு மேலே நின்று காட்டும் அழகு அந்தக் கட்டுக்கென்றே வந்தது. 2019இல் காரைக்குடி கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இதே குழுவில் வாழ்த்துப் போட்டவர்தானே ஆறுகஜம்? அப்போது கூலிவேலை நினைவுக்கு வரவில்லையோ?

களத்துமேடு:
அக்கா, ஒரு நிமிடம். “அவர் ஒருநாளும் நாற்று நட்டதில்லை” என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, நட்டிருந்தால் கேவலமா? என் அம்மா பின்கொசுவம் கட்டித்தான் நாற்று நட்டார். அதே கட்டில்தான் திருவிழாவுக்கும் போனார். ஆறுகஜம் ‘கூலி’ என்று இளக்காரம் செய்கிறார். நீங்கள் ‘நாங்கள் கூலி இல்லை’ என்கிறீர்கள். இரண்டும் ஒரே பக்கம்தான்.

கண்டாங்கிப்பேத்தி:
தம்பி, நான் சொன்னதன் பொருள் அதுவல்ல. கட்டு வேலைக்கு மட்டும் வந்ததல்ல என்றுதான் சொன்னேன். ஆறுகஜத்தை விட்டுவிட்டு என்மீது பாயாதீர்கள். குடகில் ஒரு கதை உண்டு, காவிரி பெருகிவந்த வேகத்தில் பெண்களின் கொசுவம் பின்னால் தள்ளப்பட்டது என்று. கதையில்கூட வயல் இல்லை, ஆறுதான் இருக்கிறது!

களத்துமேடு:
பொருள் என்னவோ, எழுதியது அப்படியே மேலே இருக்கிறது.

ஆறுகஜம்:
ஆற்று வெள்ளம்தான் இப்போது சரித்திரச் சான்றா? சிரிப்பு வருகிறது. நான் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன்.

கண்டாங்கிப்பேத்தி:
ரவிவர்மா சரித்திரம் என்றால் காவிரியும் சரித்திரம்தான். மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். குடகு மணப்பெண் எந்த வயலுக்குப் போகிறாள்?

ஆறுகஜம்:
குடகு கர்நாடகத்தில் இருக்கிறது. நாம் பேசுவது தமிழ் மரபு.

கண்டாங்கிப்பேத்தி:
தெலுங்கு நிவியை இழுத்து வந்தபோது அது ஆந்திரா என்பது மறந்துவிட்டதா? நான்காவது தடவை: குடகு?

வடம்போக்கி:
மாமி, எட்டு முழம் நாலு கஜம்தானே? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

மடிசார்மாமி:
என் பெரியம்மா ஐயர், அவர் இடது தோளில்தான் போடுவார். அவரவர் வீட்டு வழக்கம். முழக்கணக்கு கேட்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

வடம்போக்கி:
குழந்தைக்கும் தெரியும் என்றீர்கள். பெரியம்மாவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

கண்டாங்கிப்பேத்தி:
ஆறுகஜம் பச்சை விளக்கோடு உள்ளேதான் இருக்கிறார், பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது தடவை: குடகு?