சீனாவிடமிருந்து ரஷ்யாவைப் பிரித்தெடுக்க முடியுமா?

கடலோடி:
வாஷிங்டன் வட்டாரத்தில் சில ஆண்டுகளாக ஒரு யோசனை சுற்றிவருகிறது. பெயர் 'தலைகீழ் நிக்சன்'. 1972 பிப்ரவரியில் நிக்சன் பெய்ஜிங்குக்குப் போய் மாவோவுடன் கைகுலுக்கி, சோவியத் யூனியனுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தார் அல்லவா? அதையே இப்போது திருப்பிப் போட்டு, மாஸ்கோவோடு சமாதானமாகி, சீனாவைத் தனியாக நிறுத்தலாம் என்பது கணக்கு. நிபுணர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'சேரவே சேராது' என்று சொல்லப்பட்ட எத்தனையோ கூட்டு சேர்ந்திருக்கிறது. 1890-ல் ஜெர்மனி, ரஷ்யாவுடன் வைத்திருந்த ரகசிய உடன்படிக்கையைப் புதுப்பிக்காமல் விட்டது. ஜார் ஆளும் ரஷ்யா, குடியரசான பிரான்ஸோடு போய் ஒட்டுமா என்ற தைரியம்தான். மறு ஆண்டே பிரெஞ்சுக் கப்பற்படை ரஷ்யாவின் கிரான்ஷ்டாட் துறைமுகத்துக்கு வந்தது. மூன்றாம் அலெக்சாண்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று பிரெஞ்சு தேசிய கீதத்தைக் கேட்டார். மன்னராட்சிக்கு எதிரான புரட்சியில் பிறந்த பாட்டு அது. கேட்டவர் ஒரு ஜார்! 1894-ல் ராணுவக் கூட்டே உறுதியாகிவிட்டது. இருபது ஆண்டு கழித்து ஜெர்மனி இரண்டு பக்கமும் போர் செய்ய வேண்டி வந்தது.

பிரிந்த கதையும் உண்டு. 1882-லிருந்து ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு இருந்த இத்தாலி, 1914-ல் ஒதுங்கி நின்றது. 1915 மே மாதம் அதே ஆஸ்திரியாமீது போர் அறிவித்தது. ரஷ்யா மட்டும் என்ன விதிவிலக்கா?

எல்லைக்கோடு:
நல்ல கதைகள், கடலோடி. ஆனால் 1972-க்கு முன்னால் நடந்ததை அப்படியே விட்டுவிட்டீர்கள். நிக்சன் யாரையும் பிரிக்கவில்லை.

1950-ல் மாஸ்கோவும் பெய்ஜிங்கும் முப்பது ஆண்டு நட்பு உடன்படிக்கை போட்டன. 1956-ல் சோவியத் தலைவர் குருஷேவ், மறைந்த ஸ்டாலினைத் தாக்கிப் பேசியதும் மாவோவுக்குக் கசந்தது. 1960-ல் சீனாவில் வேலை செய்துகொண்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோவியத் நிபுணர்களை மாஸ்கோ சில வாரங்களுக்குள் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. பாதியில் நின்ற தொழிற்சாலைகளின் வரைபடங்களும் அவர்களோடு போயின. 1969 மார்ச்சில் எல்லையில் ஓடும் உசூரி ஆற்றில் சென்பாவோ என்ற ஆளில்லாத் தீவுக்காக இரண்டு அணு ஆயுத நாடுகளும் சுட்டுக்கொண்டு செத்தன. அந்த ஆகஸ்டில், சீனாவின் அணு நிலையங்களைத் தாக்கினால் உங்கள் எதிர்வினை என்னவாக இருக்கும் என்று ஒரு சோவியத் தூதரக அதிகாரி அமெரிக்கரிடம் ஆழம் பார்த்தார்.

அமெரிக்காவை நெருங்கலாம் என்ற எண்ணம் சீனாவுக்குள்ளேயே முளைத்திருந்தது. சென் யீ உள்ளிட்ட நான்கு மூத்த மார்ஷல்களை மாவோ உலக நிலவரத்தை ஆராயச் சொன்னது 1969-ல். அமெரிக்கச் சீட்டை எடுத்து ஆடலாம் என்று ஆலோசனை வந்தது அவர்களிடமிருந்துதான்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, நிக்சன் அந்தக் கூத்தாடி. ஊரை இரண்டாக்கியவர் அவர் இல்லை.

கடலோடி:
சரி, இப்போது மட்டும் ஊர் ஒற்றுமையாகவா இருக்கிறது? 2023 ஆகஸ்டில் சீன அரசு வெளியிட்ட வரைபடத்தைப் பாருங்கள். ரஷ்யாவோடு பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்ட போல்ஷோய் உசூரிஸ்கி தீவு முழுக்கச் சீனாவின் பக்கம் இருக்கிறது. அதே ஆண்டு, விளாடிவோஸ்டோக் போன்ற ஊர்களின் பழைய சீனப் பெயரையும் வரைபடங்களில் போட வேண்டும் என்று விதி வந்தது. 1860-ல் அந்தக் கரையைச் சீனாவிடமிருந்து ரஷ்யா எழுதி வாங்கியதைப் பெய்ஜிங் மறந்துவிடவில்லை. உக்ரைனிடமிருந்து பிடித்த கிரிமியா ரஷ்யாவுடையது என்று சீனா இன்றுவரை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மத்திய ஆசியாவில் கேட்கவே வேண்டாம். ஒரு காலத்தில் மாஸ்கோவைக் கேட்காமல் அங்கே ஒன்றும் நடக்காது. இப்போது குழாய், ரயில் பாதை, கடன் என்று எதற்கெடுத்தாலும் சீனாதான் முன்னால் நிற்கிறது. ரஷ்யாவுக்கு உள்ளூர எரியாமலா இருக்கும்?

எல்லைக்கோடு:
எரியலாம். எரிச்சலுக்காக யாரும் அணி மாறுவதில்லை, பயத்துக்காக மாறுவார்கள். 1969-ல் எல்லையின் இரண்டு பக்கமும் லட்சக்கணக்கில் படை இருந்தது. பெய்ஜிங்கில் மக்களை விட்டுப் பதுங்கு குழி வெட்ட வைத்தார்கள். அது பயம்.

இன்று நிலைமை என்ன? நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த எல்லை 1991-ல் தொடங்கி 2004 வரை பேசித் தீர்க்கப்பட்டு, 2008-ல் களத்தில் அளந்து முடிந்தது. வரைபடத்தில் ஒரு தீவு மாறினால், இரண்டு தரப்பும் எல்லை விவகாரம் முடிந்தது முடிந்ததுதான் என்று சொல்லிவிட்டுப் போகின்றன. உக்ரைனில் போர் நடக்கும்போது கிழக்கு எல்லையில் பெரும்படை நிறுத்தத் தேவையில்லாமல் இருப்பதே ரஷ்யாவுக்குக் கிடைத்த பெரிய வசதி. அதை விட்டுக்கொடுக்க அமெரிக்கா என்ன தரும்?

சும்மா வாசிப்பவன்:
குறுக்கே ஒரு கேள்வி. ரஷ்யாவும் சீனாவும் ராணுவக் கூட்டாளிகளா? ஒருவரைத் தாக்கினால் இன்னொருவர் வர வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

எல்லைக்கோடு:
இல்லை. 2001 உடன்படிக்கையில் ஆபத்து வந்தால் உடனே கலந்து பேசுவோம் என்றுதான் இருக்கிறது. 2022 பிப்ரவரி 4-ல் 'எல்லையற்ற நட்பு' என்று அறிவித்தார்கள். அது அறிக்கை, உடன்படிக்கை இல்லை. பரஸ்பர ராணுவ உதவி என்று ரஷ்யா எழுதிக் கொடுத்தது வட கொரியாவுக்கு, 2024 ஜூனில். சீனாவோடு போடாத முடிச்சை யார் வந்து அவிழ்ப்பது?

கடலோடி:
முடிச்சு இல்லையென்றால் நகர்ந்து போவது இன்னும் சுலபம் இல்லையா? இதை என் பக்கத்து வாதமாக எடுத்துக்கொள்கிறேன்.

நடுப்பக்கம்:
இரண்டு பேரும் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. 1972-க்கு விலை கொடுத்தது யார்? தைவான்.

1971 ஜூலையில் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிங்கர் பாகிஸ்தானில் வயிற்று வலி என்று ஒரு கதை கட்டிவிட்டு, ரகசியமாகப் பெய்ஜிங்குக்குப் பறந்தார். மாற்றுச் சட்டை எடுத்துவைக்க மறந்துபோய், உடன் வந்த அதிகாரியின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். அதில் இருந்த முத்திரை: தைவானில் தயாரானது. (கதாசிரியர் எழுதினால் நம்ப மாட்டோம்!) அந்த அக்டோபரில் ஐ.நா.வில் சீனாவுக்கான இடம் தைவானிடமிருந்து பெய்ஜிங்குக்குப் போனது. வாக்கெடுப்பு நடந்தபோது கிசிங்கர் மறுபடியும் பெய்ஜிங்கில்தான் இருந்தார். 1954-ல் அமெரிக்கா தைவானோடு செய்த பாதுகாப்பு உடன்படிக்கை 1980 ஜனவரி 1-ல் செல்லாமல் போனது.

இன்று மாஸ்கோ கேட்கப்போகும் விலை தைவான் அளவோடு நிற்காது. முதலில் உக்ரைன். அப்புறம் அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டான நேட்டோவின் கிழக்கு எல்லையில் யார் படை இருக்கலாம், இருக்கக் கூடாது என்பது. இதையெல்லாம் போலந்தின் வார்சாவும் எஸ்தோனியாவின் தாலினும் வேடிக்கை பார்க்குமா? ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை உள்ள பின்லாந்து, 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்ததே இந்தப் பயத்தால்தான். இருநூறு ஆண்டுகளாக எந்த ராணுவக் கூட்டிலும் சேராத சுவீடனும் 2024 மார்ச்சில் வந்துவிட்டது. வராத ஒரு நண்பனுக்காக இருக்கிற முப்பது பேரை இழப்பதா?

கடலோடி:
இழக்க மாட்டார்கள், நடுப்பக்கம். முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். 1956-ல் எகிப்தின் சூயஸ் கால்வாய்க்காகப் படையெடுத்த பிரிட்டனையும் பிரான்ஸையும் அமெரிக்காவே பணிய வைத்தது. 1966-ல் பிரான்ஸ் நேட்டோவின் ராணுவக் கட்டளை அமைப்பிலிருந்து வெளியேறி, அமெரிக்கப் படைகளையும் மண்ணைவிட்டுப் போகச் சொன்னது. 2009-ல்தான் முழுதாகத் திரும்பியது. 2021-ல் ஆஸ்திரேலியா பிரெஞ்சு நீர்மூழ்கி ஒப்பந்தத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அமெரிக்கா, பிரிட்டனோடு சேர்ந்தபோது, பாரிஸ் வாஷிங்டனிலிருந்தே தூதரைத் திரும்ப அழைத்தது. அப்புறம் என்ன ஆனது? தூதர் திரும்பிப் போனார். நேட்டோ அப்படியேதான் இருக்கிறது.

நடுப்பக்கம்:
அவையெல்லாம் கௌரவச் சண்டை. நீர்மூழ்கி விற்காவிட்டால் பிரான்ஸ் அழிந்துவிடாது. எஸ்தோனியாவுக்கு இது நாடு இருக்குமா இருக்காதா என்ற கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, மாஸ்கோ எதற்கு நம்ப வேண்டும்? வாஷிங்டனில் நாலு ஆண்டுக்கு ஒரு தேர்தல். இன்று கொடுத்த வாக்கை நாளை வருகிறவர் கிழித்துப் போடலாம். அதை நம்பிப் பக்கத்து வீட்டுச் சீனாவைப் பகைத்துக்கொள்ள எந்த ரஷ்யத் தலைவர் துணிவார்?

கடலோடி:
பகைத்துக்கொள்ளச் சொல்லவில்லையே. முழுப் பிரிவு வேண்டாம், கொஞ்சம் தயக்கம் போதும். நாளைக்குத் தைவான் நீரிணையில் சிக்கல் வந்தால் ரஷ்யா கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அதுவே பெரிய லாபம்.

எல்லைக்கோடு:
அப்படியென்றால் அதற்குப் பெயர் பதற்றத் தணிப்பு. தாராளமாகச் செய்யட்டும், யார் வேண்டாம் என்றது? நிக்சன் பெயரை ஒட்டிப் பெரிய வித்தையாகக் காட்டுவதுதான் எனக்கு ஆகவில்லை.

அந்த மனிதர் செய்த உண்மையான வித்தையே வேறு. பெய்ஜிங் போன மூன்றே மாதத்தில், 1972 மே மாதம், மாஸ்கோவுக்கும் போய் அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார். மாஸ்கோவும் பெய்ஜிங்கும் ஒன்றோடொன்று பேசாத காலத்தில் அவர் இரண்டோடும் பேசினார். முக்கோணத்தில் வசதியான மூலை அது. இன்று அந்த மூலையில் உட்கார்ந்திருப்பது சீனா. ரஷ்யாவோடு 2023-ல் 24,000 கோடி டாலருக்கு வணிகம் செய்தது. அமெரிக்காவோடும் ஐரோப்பாவோடும் அதைவிட அதிகம். ரஷ்யாவுக்கோ ஒரு பக்கக் கதவு ஏறக்குறைய மூடிக் கிடக்கிறது.

கடலோடி:
நீங்கள் சொல்வதே ரஷ்யாவுக்கு உறுத்தும் என்கிறேன். ஐரோப்பாவுக்குப் போன எரிவாயு பெருமளவு நின்றபின், வாங்க ஆள் சீனாதான் என்று ஆகிவிட்டது. 2019 டிசம்பரில் திறந்த 'சைபீரியாவின் சக்தி' குழாயின் கொள்ளளவு ஆண்டுக்கு 3,800 கோடி கன மீட்டர். இழந்த ஐரோப்பியச் சந்தைக்கு இது ஈடே இல்லை. மங்கோலியா வழியாக இரண்டாவது குழாய் போட ரஷ்யா பல ஆண்டாகக் கெஞ்சாத குறை. சீனா அவசரப்படாமல் விலையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதுவா எல்லையற்ற நட்பு?

எல்லைக்கோடு:
பேரம் பேசுவது பிரிவதற்கு அடையாளம் இல்லை. வேறு போக்கிடம் இல்லாதவனிடம்தான் இவ்வளவு நிதானமாகப் பேரம் பேச முடியும்.

கடலோடி:
அந்தப் போக்கிடத்தைத்தான் ஒருவர் காட்ட வேண்டும் என்கிறேன்.

நடுப்பக்கம்:
காட்டலாம். அந்த வழி உக்ரைன் மேலே ஏறிப் போகிறது என்பதையும் முதல் பதிவிலேயே போட்டிருக்கலாம்.