துருக்கிக்குப் புதுசா வந்தவங்களுக்கு: வேற்றுமை உருபு நமக்குக் கைவந்த கலை, வாலில் ஒட்டுற ‘ஸி’தான் வம்பு

இஸ்தான்புல்ல படிக்க, வேலைக்குன்னு வர்றவங்க எல்லாரும் கேக்கிற கேள்வி, துருக்கி மொழியை எங்கிருந்து தொடங்குறது? ஆங்கிலம் வழியாப் போய் அல்லாடாதீங்க. பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணின ஐ, ஆல், கு, இன், அது, கண்ணைத் தூசி தட்டி எடுங்க.

‘எவ்’னா வீடு. எவெ வீட்டுக்கு, எவ்தெ வீட்டுல, எவ்தென் வீட்டிலிருந்து. இரண்டாம் வேற்றுமையும் ஏறக்குறைய நம்ம வழக்கம்தான்: ‘ஸு இச்திம்’ தண்ணி குடிச்சேன், ‘ஸுயு இச்திம்’ அந்தத் தண்ணியைக் குடிச்சேன். மேலே புள்ளி வைக்காத ஆங்கில ஐ (ı) மாதிரி எழுத்தைப் பார்த்து பயப்படாதீங்க, கிட்டத்தட்ட நம்ம குற்றியலுகரம். ‘காது’ன்னு சொல்லும்போது கடைசியில வர்ற அரைகுறை உகரம் இருக்கே, அதே மாதிரி.

சிக்கல் உடைமையில. ‘வீட்டின் கதவு’ன்னு நாம வீட்டுல மட்டும் உருபு வச்சு விட்டுடுவோம். அவங்க கதவுலயும் வைப்பாங்க: ‘எவின் கப்புஸு’, அதாவது வீட்டின் அதன்-கதவு. பேர்ச்சொல் ரெண்டு சேர்ந்தா பெரும்பாலும் இந்த வால் ஒட்டிக்கும் (‘ஸு’, ‘ஸி’, ‘உ’ எல்லாம் ஒரே வால்தான்). வாடகை ஒப்பந்தம் ‘கிரா ஸொஸ்லெஷ்மெஸி’. கலாதா பாலம் ‘கலாதா கொப்ருஸு’ (ஆமா, நாங்களும் முதல்ல கலாட்டான்னுதான் படிச்சோம்). எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் ‘அது, ஸொயாது, பாபா அது’ன்னு வரிசையா நிக்கும். நம்ம ‘அது’ இல்லைங்க. ‘அத்’னா பேர், ‘அது’ அவர் பேர், ‘ஸொயாது’ குடும்பப் பேர், ‘பாபா அது’ அப்பா பேர்.

இந்த வாலுக்கு மேல வேற்றுமை ஏறினா நடுவுல ஒரு ‘ன்’ முளைக்கும். பாலத்துல வெறும் ‘கொப்ருதெ’, கலாதா பாலத்துல ‘கலாதா கொப்ருஸுந்தெ’. அது, அதனை ஆகும்போது நாம சாரியை போடுறோமே, அதே வேலை. தமிழாசிரியரை மனசுல கும்பிட்டுக்கோங்க.

‘என்கிட்ட இருக்கு’ன்னு சொல்லவும் உடைமை விகுதிதான். ‘பரா’ பணம், ‘பராம் வார்’ என் பணம் இருக்கு. ‘பராம் யோக்’ மாசக் கடைசியில தானா வாயில வரும்.

சில வினை நம்ம உருபைக் கேக்காது. பஸ்ஸுல ஏற மாட்டாங்க, பஸ்ஸுக்கு ஏறுவாங்க: ‘ஒதொபுஸெ பிந்திம்’. நாய்க்குப் பயப்பட மாட்டாங்க, நாயிலிருந்து பயப்படுவாங்க. இதெல்லாம் வினையோட சேர்த்தே நெட்டுரு போடுங்க, யோசிச்சுப் பேசினா தப்பு வரும்.

அப்புறம், தெருவுல யாராவது ‘அன்னெ!’ன்னு கத்தினா திரும்பாதீங்க. அம்மாவைக் கூப்பிடுறாங்க.

தோல்முஷ் ஷேர் வண்டியில இறங்க இந்த ஒரு வரி போதும்: ‘முஸாயித் பிர் யெர்தெ இனெஜெக் வார்’, வசதியான ஒரு இடத்துல இறங்க ஆள் இருக்கு. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, முணுமுணுத்தா அடுத்த முக்குலதான் நிறுத்துவார்.