பெற்றோர் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை, எப்படிக் கேட்பது?

கரும்பலகை:
எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அடுத்த எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்தை நடத்தித் தரச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் எதையெல்லாம் சேர்ப்பது என்று பெற்றோர்களே பேசி முடிவு செய்ய வேண்டும், நான் பேச்சை நகர்த்திவிட்டால் போதும். போன கூட்டத்தை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். "குறை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள், "ஒண்ணுமில்லைங்க சார், எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள், டீ வந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதே அம்மாக்கள் கேட்டுக்கு வெளியே நின்று கழிப்பறை பற்றிப் பேசிய பேச்சு இருக்கிறதே, அதில் பாதி உள்ளே வந்திருந்தால் போதும்.

நான் எழுதி வைத்திருப்பவை: கல்வித் தரம் பற்றி உங்கள் கருத்து என்ன? உள்கட்டமைப்பு வசதிகள் போதுமானவையா? மாணவர் வருகையை மேம்படுத்த என்ன செய்யலாம்? பெற்றோரின் பங்களிப்பு எப்படி இருக்க வேண்டும்? முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். எதை மாற்றலாம்?

வைகைக்கரை:
நாலையும் மாற்றுங்கள், கோபிக்க வேண்டாம். இது பத்து மார்க் வினா மாதிரி இருக்கிறது. "கல்வித் தரம் பற்றிக் கருத்து" என்று கேட்டால், அஞ்சாவதோடு நின்றுவிட்ட அம்மா எதிரே ஆசிரியர்களை வைத்துக்கொண்டு என்ன சொல்வார்? தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்தான் முதலில் வரும். கருத்தைக் கேட்காமல் கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள், அதில் தப்பான பதில் என்று ஒன்று கிடையாது. "நேற்று சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "பையைப் போட்டுட்டு நேரா பாத்ரூமுக்குத்தான் ஓடினா" என்று ஒருவர் சொன்னால் போதும், பக்கத்தில் இருப்பவர் "எங்க வீட்லயும் அதேதான், தண்ணியே குடிக்காமப் போறா" என்பார். நீங்கள் கழிப்பறை என்ற வார்த்தையையே எடுக்கத் தேவையில்லை.

அப்புறம், "போதுமானவையா" என்பதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், அது கேள்வியே இல்லை. வருகை பற்றிக் கேட்கும்போது "ஏன் அனுப்பவில்லை" என்ற தொனி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது விசாரணை. "எந்த மாதிரி நாளில் பிள்ளையை அனுப்ப முடியாமல் போகிறது?" என்றால் களையெடுப்பு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது, திருவிழா எல்லாம் தானாக வரும்.

மணல்வீடு:
மேலே சொன்னதோடு வரிசையும் முக்கியம். இன்ஸ்டிடியூட் ஆஃப் கல்ச்சுரல் அஃபேர்ஸ் என்ற அமைப்பு பரப்பிய ஓ.ஆர்.ஐ.டி. முறையைத் தேடிப் பாருங்கள். முதலில் பார்த்தது கேட்டது, பிறகு அது மனதை என்ன செய்தது, பிறகு அதனால் என்ன ஆகிறது, கடைசியில்தான் என்ன செய்வது. நம் கூட்டங்களில் எடுத்த எடுப்பிலேயே கடைசிக் கேள்விக்குத் தாவிவிடுகிறோம், அதனால்தான் "எல்லாரும் ஒத்துழைக்கணும்" என்ற பதிலோடு முடிகிறது. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு விஷயம், அதிகம் போனால் இரண்டு.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். மேரி பட் ரோவ் என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் அமெரிக்க வகுப்பறைகளைக் கவனித்து எழுதியது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சாதாரணமாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். பெரியவர்கள் கூட்டத்துக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம். மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று அங்கே நின்றால்தான் தெரியும்.

ஊர்ப்பொது:
எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. கேள்வியை எவ்வளவு செதுக்கினாலும் ஆசிரியர்கள் நாற்காலியிலும் அம்மாக்கள் கீழே பாயிலும் இருந்தால் ஒன்றும் நகராது. 2009 கல்வி உரிமைச் சட்டம் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று எண்ணிக்கையைச் சொல்லிவிட்டது, யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லவில்லையே! எல்லோரையும் ஒரே மட்டத்தில் வட்டமாக உட்காரவையுங்கள். முதல் கேள்வியைச் சபையில் கேட்காதீர்கள், இரண்டிரண்டு பேராக ஐந்து நிமிடம் பேசவிட்டு, "பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். சொந்தக் குறையைச் சொல்லக் கூசுகிறவர் அடுத்தவருடையதைச் சொல்லிவிடுவார்.

இன்னொன்று, கையில் இல்லாத விஷயத்தைத் திறந்துவிடாதீர்கள். புதுக் கட்டடம் இந்த வருடம் வராது என்று தெரிந்துகொண்டே "என்னென்ன வேண்டும்?" என்று கேட்டால் நீளப் பட்டியல் கிடைக்கும், அடுத்த கூட்டத்துக்கு ஆள்தான் கிடைக்காது. எது குழுவே முடிக்கக்கூடியது, எதற்கு மனு எழுத வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கரும்பலகை:
மிக்க நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன்: "நேற்று பிள்ளை வந்ததும் என்ன செய்தது, என்ன சொன்னது?" "அதைக் கேட்டதும் உங்களுக்கு எப்படி இருந்தது?" "இது இப்படியே போனால் யாருக்கு அதிகக் கஷ்டம்?" "இதில் எதை நாமே சரிசெய்யலாம்?" கடைசியாக, "இதற்கு யார் பொறுப்பு எடுத்துக்கொள்கிறீர்கள்?" சரியா?

வைகைக்கரை:
முதல் நாலும் சரி. கடைசிக் கேள்விக்கு எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். "மனுவை எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகம் போகணும், யாருக்கு எந்தக் கிழமை தோதுப்படும்?" என்று கேளுங்கள், கிழமை சொன்னவர் பெயரை அங்கேயே தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.